92 ஆ, 95 ஆ? பெற்றோல் பற்றி யாழ்ப்பாணத்தில் என்னிடம் கேட்கப்படும் கேள்விகள்

கொக்குவிலில் ஒரு சிறிய கராஜ் வைத்திருக்கிறேன். அப்பாவின் கையிலிருந்து எனக்கு வந்த தொழில். எண்ணெய் மாற்றவும் பிரேக் பார்க்கவும் வருகிறவர்கள், காசைக் கொடுத்துவிட்டுக் கிளம்பும் நேரத்தில் பெரும்பாலும் ஒரு கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: 92 அடிப்பதா, 95 அடிப்பதா? நின்றபடி சொல்லி முடிக்கிற விடயம் அல்ல இது. அரைகுறையாகச் சொல்லி அனுப்பிய நாட்களில் மனம் உறுத்தியிருக்கிறது. ஆகவே இதுவரை கேட்கப்பட்டவற்றையும் என் பதில்களையும் எழுதி வைக்கிறேன்.

முதலில் சுருக்கமாகச் சொல்லுங்கள். என் காருக்கு எது?

பெற்றோல் தாங்கியின் மூடிக் கதவைத் திறந்து, உட்புறம் ஒட்டியிருக்கும் தாளைப் பாருங்கள். காரைச் செய்தவர்கள் அங்கே எழுதியிருப்பதே கடைசிச் சொல். 91, 92 அல்லது ‘ரெகுலர்’ என்றிருந்தால் 92 அடியுங்கள். ‘குறைந்தது 95’ என்றிருந்தால் 95 அடியுங்கள். நம் வீதிகளில் நிறைந்திருக்கும் அல்டோ, வெகன் ஆர், விட்ஸ், அக்குவா, பிரியஸ், அக்சியோ ஆகியவற்றுக்கு 92 தாராளம். ஜேர்மன் கார்கள் பெரும்பாலும் 95 கேட்பவை. அவற்றுக்கு 92 அடித்து மிச்சம் பிடிக்க நினைப்பதும் தவறுதான்.

92, 95 என்கிறார்களே, எதில் 92? எதில் 95?

சிலிண்டருக்குள் நடப்பதை மனக்கண்ணில் பாருங்கள். பெற்றோல் ஆவியும் காற்றும் கலந்து உள்ளே வருகின்றன. பிஸ்டன் மேலேறி அந்தக் கலவையை ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காக நசுக்குகிறது. நசுங்க நசுங்கச் சூடேறும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பக்கம் கையைச் சுடுகிறதே, அதே சங்கதிதான். சரியான கணத்தில் பிளக் பொறி விட, தீ ஓரிடத்தில் தொடங்கிச் சீராகப் பரவிப் பிஸ்டனைக் கீழே தள்ள வேண்டும். அந்தத் தீ வந்து சேரும் முன்பே, மூலையில் நெருக்குண்டு கிடக்கும் மீதிக் கலவை சூடு தாங்காமல் தானாக வெடித்துவிட்டால், அது பிஸ்டனைத் தள்ளுவதில்லை, சம்மட்டியால் அடிக்கிறது. அந்த அடியைத்தான் கராஜில் ‘நொக்கிங்’ என்கிறோம்.

அந்தச் சூட்டையும் நெருக்கத்தையும் தாங்கிக்கொண்டு, பொறி வரும்வரை காத்திருக்கும் பொறுமையின் அளவே ஒக்டேன் எண். 1920களில் அமெரிக்க வேதியியலாளர் கிரகாம் எட்கர் இதற்கான அளவுகோலை வகுத்தார். ஐசோஒக்டேன் எளிதில் நொக் ஆகாது, அதற்கு 100. ஹெப்டேன் எடுத்த எடுப்பில் நொக் ஆகும், அதற்கு 0. சோதனை எஞ்சினில் ஒரு பெற்றோல், 95 பங்கு ஐசோஒக்டேனும் 5 பங்கு ஹெப்டேனும் சேர்ந்த கலவையைப் போல் நடந்துகொண்டால் அது 95. பெற்றோலில் நூற்றுக்கு 95 பங்கு ஒக்டேன் கலந்திருக்கிறது என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை.

அப்படியானால் 95 இல் சக்தி கூடவா?

இல்லை. ஒரு லீற்றர் 92 ஐ எரித்தாலும் ஒரு லீற்றர் 95 ஐ எரித்தாலும் கிடைக்கும் வெப்பம் கிட்டத்தட்ட ஒன்றே. ஒக்டேன் எண்ணுக்கும் எரிசக்திக்கும் நேரடி உறவே கிடையாது. மண்ணெண்ணெயை எடுங்கள். லீற்றருக்கு லீற்றர் பெற்றோலைவிட அதில் எரிசக்தி அதிகம். ஒக்டேன் எண்ணோ பெற்றோலின் பாதியைக்கூட எட்டாது.

கூடிய ஒக்டேன் என்ன செய்கிறதென்றால், கலவையை இன்னும் இறுக்கி நசுக்கும் எஞ்சினைக் கட்டிக்கொள்ளப் பொறியியலாளருக்கு இடம் கொடுக்கிறது. அந்த எஞ்சின்தான் கூடுதல் வலுவைத் தருகிறது. அப்படிப்பட்ட எஞ்சின் உங்கள் காரில் இல்லாவிட்டால், நீங்கள் வாங்கிய கூடுதல் பொறுமைக்கு அங்கே வேலையே இல்லை.

மண்ணெண்ணெயில் கார் ஓடியது என்று பெரியவர்கள் சொல்கிறார்களே, உண்மையா?

உண்மை. நானே கண்ணால் பார்த்தேன். ஒக்டேன் என்றால் என்னவென்று எனக்கு விளங்கியதும் அந்த நாட்களை நினைத்துப் பார்த்தபோதுதான்.

1990 இல் போர் மறுபடியும் மூண்ட பின், குடாநாட்டுக்கு வராமல் தடுக்கப்பட்ட பொருட்களில் பெற்றோலும் ஒன்று. அப்பாவிடம் வாடகைக்கு ஓடும் ஒஸ்ரின் ஏ40 ஒன்று இருந்தது. காலையில் அலுமாரியைத் திறந்து, ஒரு மருந்துப் போத்தலை எடுத்து வருவார். அதற்குள் இருந்த பெற்றோலை ஊசிக் குழாயால் உறிஞ்சி, எரிபொருளைக் காற்றோடு கலக்கும் காபரேற்றருக்குள் சில துளிகள் விடுவார். எஞ்சின் பற்றிக்கொண்டு சூடேறும்வரை அந்தத் துளிகள்தான். பிறகு மண்ணெண்ணெய். பின்னால் புகை திரண்டு நிற்கும். ஊர் முழுக்க அந்த மணம். துவைத்து உலர்த்திய உடுப்பிலும் அந்த மணம். ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய எத்தனையோ பேரை அந்தக் காரில் ஏற்றிப் போனார்.

இது எப்படிச் சாத்தியமாயிற்று? ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் போன்றவை போருக்குப் பிந்திய பிரித்தானியாவில் பிறந்தவை. அங்கே அப்போது கிடைத்த பெற்றோலே 70 சொச்சம் ஒக்டேன்தான். ஆகவே கலவையை ஏழில் ஒரு பங்கு அளவுக்கே நசுக்கும் எஞ்சின்களைச் செய்தார்கள். குறைவாக நசுக்கினால் சூடும் குறைவு. பொறுமை இல்லாத எரிபொருளும் அங்கே ஒருவாறு ஓடிவிடும். ஓடியதே தவிர, நன்றாக ஓடவில்லை. சுமை ஏற்றினால் நொக்கிங் கேட்கும். எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரில் வழிந்து எஞ்சின் எண்ணெயோடு கலந்து அதை நீர்த்துப்போகச் செய்யும். தலைப்பகுதியைக் கழற்றிக் கரி சுரண்டுவது அப்பாவுக்கு மாதாந்த வேலையாக இருந்தது. பக்கத்தில் விளக்குப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான்.

இன்றைய காரில் கொஞ்சம் மண்ணெண்ணெய் கலந்தால் என்ன?

செய்யாதீர்கள். இன்றைய எஞ்சின் அன்றைய எஞ்சின் அல்ல. பத்து, பதினொரு மடங்கு நசுக்கும் சிலிண்டருக்குள் மண்ணெண்ணெய் போனால் ஒக்டேன் எண் சரிந்து, பிஸ்டனும் வால்வும் அடிபடும். ஒட்சிசன் உணரியும், புகைபோக்கியில் புகையைச் சுத்தப்படுத்தும் வினையூக்கிப் பகுதியும் கரியேறிக் கெடும். அந்தப் பகுதியை மாற்றும் செலவில் மாதக்கணக்கில் நல்ல பெற்றோல் அடிக்கலாம். குருநகரிலும் மயிலிட்டியிலும் படகுகளில் மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சின்கள் இருக்கின்றன. அவை அதற்கென்றே செய்யப்பட்டவை. அவற்றைக் காட்டிக் காருக்கு நியாயம் சொல்ல முடியாது.

மூடிக் கதவில் ஜப்பானிய எழுத்து மட்டும்தான் இருக்கிறது. எப்படி வாசிப்பது?

யாழ்ப்பாணத்தில் ஓடும் கார்களில் பெரும்பகுதி ஜப்பானில் ஓடி இங்கே வந்தவை. அதனால் இந்தக் கேள்வியைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன்.

ஜப்பானில் பெற்றோல் இரண்டு வகை. ஒன்று ‘ரெகியுரா’; நாம் ரெகுலர் என்பதை அவர்கள் அப்படிச் சொல்கிறார்கள். மற்றது ‘ஹைஒகு’, உயர் ஒக்டேன் என்பதன் சுருக்கம். அந்நாட்டுத் தரப்படி ரெகியுரா குறைந்தது 89 ஒக்டேன், ஹைஒகு குறைந்தது 96. இந்த 89 ஐ மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஜப்பானில் ரெகியுராவில் ஓடுவதற்கென்று செய்த கார், 89 ஐயே தாங்கும்படி செய்யப்பட்டது. இங்கே அதற்கு நாம் அடிக்கும் 92 ஏற்கெனவே மூன்று படி மேலே இருக்கிறது. அதற்கும் மேலே 95 எதற்கு?

கைத்தொலைபேசியில் இருக்கும் மொழிபெயர்ப்புச் செயலியைத் திறந்து, கமராவை அந்தத் தாளின் மேல் பிடியுங்கள். ரெகுலர் என்று வந்தால் 92. ஹைஒகு அல்லது பிரீமியம் என்று வந்தால் 95. சுசுகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டின் டேர்போ கார் ஹைஒகு கேட்பது. சாதாரண ஸ்விஃப்ட் கேட்காது. பெயர் ஒன்றாக இருந்தாலும் எஞ்சின் வேறு. தாள் உரிந்து போயிருந்தால், அதே மாதிரி, அதே ஆண்டு, அதே எஞ்சின் இலக்கம் உள்ள இன்னொரு காரின் மூடியைப் பாருங்கள். பக்கத்து வீட்டுக்காரர் என்ன அடிக்கிறார் என்று பார்த்து முடிவெடுக்காதீர்கள்.

அழுத்த விகிதம் 10 க்கு மேல் இருந்தால் 95 தான் அடிக்க வேண்டும் என்று ஒரு கராஜில் சொன்னார்கள். என் அக்குவாவுக்கு 13.4 என்று போட்டிருக்கிறது.

அழுத்த விகிதம் என்பது கலவை எத்தனை மடங்கு நசுங்குகிறது என்று சொல்லும் எண். காபரேற்றர் காலத்தில் அந்த விதி ஓரளவு பொருந்தியது. அக்குவாவுக்கும் பிரியஸுக்கும் பொருந்தாது.

இவற்றின் எஞ்சின் அட்கின்சன் முறையில் இயங்குகிறது. பிஸ்டன் மேலேறத் தொடங்கிய பிறகும் உள்வாங்கும் வால்வு சற்று நேரம் திறந்தே இருக்கும். வந்த கலவையில் ஒரு பகுதி வந்த வழியே திரும்பிப் போய்விடும். மீதிதான் நசுங்குகிறது. ஆகவே காகிதத்தில் 13.4 என்று இருந்தாலும், சிலிண்டருக்குள் உண்மையில் நடக்கும் நசுக்கல் அதைவிட நன்றாகக் குறைவு. டொயோட்டா இந்தக் கார்களுக்கு ஜப்பானில் ரெகியுராவையே சொல்கிறது. எரிபொருளைச் சிக்கனப்படுத்தவென்று கடன் எடுத்து ஹைபிரிட் கார் வாங்கிய ஓர் ஆசிரியை, யாரோ சொன்னதைக் கேட்டு இரண்டு ஆண்டுகளாக 95 அடித்திருந்தார். கணக்குப் போட்டுக் காட்டியபோது அவர் முகம் வாடியதை மறக்க முடியவில்லை. தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லலாம். பிறர் காசில் ஊகம் சொல்லக் கூடாது.

டேர்போ இருந்தால் 95 கட்டாயமா?

டேர்போ என்பது காற்றைத் திணித்து உள்ளே அனுப்பும் கருவி. ஆகவே நொக்கிங்குக்கு வாய்ப்புக் கூடும் என்பது சரி. ஆனால் அதைத் தெரிந்துகொண்டே எஞ்சினின் அழுத்த விகிதத்தைக் குறைத்துச் செய்திருப்பார்கள். வெகன் ஆர் ஸ்டிங்ரே டேர்போ, டொயோட்டா ரைஸ் ஆகியவை ஜப்பானில் ரெகியுராவில் ஓடுபவை. இங்கே 92 போதும். ஐரோப்பிய டேர்போ கார்களின் கதை வேறு. அங்கே சாதாரணப் பெற்றோலே 95. அதற்கேற்பவே எஞ்சினை அமைக்கிறார்கள். 2020 இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனியாருக்கு மீண்டும் திறந்த பிறகு, சிறிய டேர்போ கார்கள் பல வருகின்றன. வாங்கும் அன்றே கையேட்டை வாசியுங்கள்.

95 அடித்த பிறகு கார் மெதுமையாக ஓடுகிறது. நான் உணர்கிறேனே, அது பொய்யா?

உங்கள் உணர்வைப் பொய் என்று சொல்ல மாட்டேன். இரண்டு மூன்று காரணங்கள் இருக்கலாம்.

எஞ்சினுக்குள் கரி படிந்திருந்தால், அந்தக் கரி இடத்தைப் பிடித்துக்கொண்டு அழுத்தத்தைக் கூட்டும். சூடேறிக் கங்கு போல நிற்கவும் செய்யும். அப்போது 92 க்கே செய்த எஞ்சினும் நொக் ஆகத் தொடங்கும். 95 அடித்தால் அந்தத் தொல்லை அடங்கும். அது நோவுக்குக் குளிசை போட்டது போலத்தான். நோய் உள்ளே அப்படியே இருக்கிறது. இன்னொன்று, சில எஞ்சின்களில் கணினி, நொக்கிங் வராதவரை பொறியைச் சற்று முன்கூட்டியே விடும். 95 இல் அதற்குக் கொஞ்சம் கூடுதல் இடம் கிடைக்கும். இந்த வேறுபாடு ஓட்டுகிறவருக்குத் தெரியும் அளவுக்கு இருப்பது அரிது. பெரும்பாலும் சேர்விஸ் முடித்த கையோடு 95 அடித்திருப்பார்கள். சேர்விஸின் பலன் பெற்றோலின் கணக்கில் சேர்ந்துவிடும்.

ஐயம் இருந்தால் சோதித்துப் பாருங்கள். தாங்கியை நிரப்பி, கிலோமீற்றரைக் குறித்து வைத்து, அடுத்த முறை நிரப்பும்போது எத்தனை லீற்றர் பிடிக்கிறது என்று பாருங்கள். 92 இல் மூன்று தாங்கி, 95 இல் மூன்று தாங்கி, அதே வழி, அதே ஆட்கள். பிறகு கணக்கு தானே பேசும்.

விலை வித்தியாசம் அவ்வளவு பெரிதா?

விலை அடிக்கடி மாறுவதால், எல்லோருக்கும் நினைவிருக்கும் ஒரு நாளின் விலையைச் சொல்கிறேன். 2022 ஜூன் 26 அன்று 92 இன் விலை லீற்றருக்கு 470 ரூபா, 95 இன் விலை லீற்றருக்கு 550 ரூபா ஆனது. 80 ரூபா வித்தியாசம். 35 லீற்றர் தாங்கிக்கு 2,800 ரூபா. மாதம் மூன்று முறை நிரப்பினால் 8,400 ரூபா. இன்றைய விலையை வைத்து நீங்களே இதே கணக்கைப் போடலாம். அந்த 95 ஈட்டித் தராததை, நேரத்துக்கு எஞ்சின் எண்ணெய் மாற்றுவதும், காற்று வடிகட்டியைச் சுத்தமாக வைத்திருப்பதும், ரயர்க் காற்றைச் சரிபார்ப்பதும் தந்துவிடும். நம் தீவுப்பகுதி வீதிகளின் மணலும் புழுதியும் காற்று வடிகட்டியை எவ்வளவு விரைவில் அடைக்கின்றன என்பதை வேலணையிலிருந்தும் ஊர்காவற்றுறையிலிருந்தும் வரும் கார்களில் வாராவாரம் பார்க்கிறேன்.

95 இல் ‘யூரோ 4’ என்று போட்டிருக்கிறதே, அது என்ன?

நல்ல கேள்வி, 95 க்கு ஆதரவாகச் சொல்லக்கூடிய நேர்மையான காரணமும் இங்கேதான் இருக்கிறது. யூரோ 4 என்பது ஒக்டேனைப் பற்றியதல்ல. அந்தத் தரத்தின்படி பெற்றோலில் கந்தகம் பத்து இலட்சத்தில் 50 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. கந்தகம் குறைந்தால் புகைபோக்கியின் வினையூக்கிப் பகுதி நீண்ட காலம் உழைக்கும். வெளியேறும் புகையும் தூய்மையாகும். காற்றைப் பற்றிக் கவலைப்பட்டு ஒருவர் 95 அடித்தால் அவரை மதிக்கிறேன். எஞ்சின் வலுக்கும் என்று நம்பி அடிப்பவரிடம்தான் வேண்டாம் என்கிறேன்.

என் கார் 95 கேட்பது. போகும் வழியில் 92 மட்டுமே கிடைத்தால்?

குடாநாட்டுக்கு வெளியே எல்லா எரிபொருள் நிரப்பு நிலையத்திலும் 95 இருக்கும் என்று நம்பிப் புறப்படக் கூடாது. அவசரத்துக்கு 92 அடிக்கலாம். இன்றைய கார்களில் எஞ்சின் உடலில் ஓர் உணரி பொருத்தப்பட்டிருக்கிறது. நொக்கிங்கின் அதிர்வைக் கேட்டவுடன் அது கணினிக்குச் சொல்லும்; கணினி பொறியைத் தாமதப்படுத்தும். வலு சற்றுக் குறையும்; எரிபொருள் சற்றுக் கூடச் செலவாகும்; எஞ்சின் பிழைத்துக்கொள்ளும். தேவையான அளவு மட்டும் அடித்து, வேகம் எடுக்காமல், சுமை ஏற்றாமல் ஓட்டுங்கள். 95 கிடைத்ததும் மேலே நிரப்புங்கள். இதையே வாடிக்கையாக்கக் கூடாது. உணரி காப்பது அவசரத்தில்தான். வருடக்கணக்காக அதன் மேல் பாரத்தைப் போடுவது சரியல்ல. உணரி இல்லாத பழைய எஞ்சினாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும்.

92 உம் 95 உம் தாங்கிக்குள் கலந்தால் கெடுதலா?

ஒன்றும் ஆகாது. பாதிக்குப் பாதி கலந்தால் 93.5 அளவில் நிற்கும்.

கனடாவிலிருந்து வந்த மாமா, அங்கே 87 தான் அடிக்கிறோம் என்கிறார். அப்படியானால் நம்முடைய 92 அவர்களுடையதைவிடத் திறமா?

கோடை விடுமுறையில், நல்லூர்த் திருவிழாக் காலத்தில், இந்தக் கேள்வி தவறாமல் வரும். அளவுகோல்தான் வேறு. ஒக்டேனை அளக்க இரண்டு சோதனைகள் உள்ளன: ஒன்று மெதுவான ஓட்டத்தில், மற்றது அதிக வேகத்திலும் சூட்டிலும். இரண்டாவதில் எண் எப்போதும் குறைவாக வரும். இலங்கையும் ஐரோப்பாவும் முதல் சோதனையின் எண்ணைப் பம்பில் எழுதுகின்றன. கனடாவும் அமெரிக்காவும் இரண்டின் சராசரியை எழுதுகின்றன. அதனால் மாமாவின் 87, இங்கே ஏறத்தாழ 91 அல்லது 92. அவருடைய 91, இங்கே ஏறத்தாழ 95. லண்டனிலிருந்தும் பாரிஸிலிருந்தும் வருகிறவர்கள் சொல்லும் 95 நம்முடைய 95 தான்.

92 அடிக்கும்போது காரில் கடகட என்று ஒலி வருகிறது. உடனே 95 க்கு மாறலாமா?

ஒலி எப்போது வருகிறது என்பதைக் கவனியுங்கள். போத்தலுக்குள் சிறு கற்களைப் போட்டுக் குலுக்குவது போல, உயர் கியரில் அக்சிலரேற்றரை மிதிக்கும் கணத்தில் வந்தால் அது நொக்கிங்காக இருக்கலாம். நின்ற இடத்தில் வந்தால் வேறு கோளாறு. கரி படிந்த எஞ்சின், பொருந்தாத பிளக், குளிர்நீர் குறைந்து சூடேறுவது, பழுதான உணரி என்று பல இருக்கின்றன. சென்ற ஆண்டு ஒருவர் இப்படி 95 க்கு மாறி ஆறு மாதம் ஓட்டிவிட்டு வந்தார். திறந்து பார்த்தால் ரேடியேற்றரில் பாதி நீர் இல்லை. இன்னும் சில வாரம் போயிருந்தால் எஞ்சின் தலை வளைந்திருக்கும். முதலில் காரணத்தைத் தேடுங்கள்.

மோட்டார் சைக்கிளுக்கும் ஓட்டோவுக்கும்?

92. இந்தியாவில் சாதாரணப் பெற்றோலின் ஒக்டேன் பல ஆண்டுகள் 91 ஆக இருந்தது. அங்கிருந்து வரும் பல்சர், அப்பாச்சி, ஸ்பிளெண்டர், டியோ, முச்சக்கரவண்டி யாவும் அதற்கே செய்யப்பட்டவை. பெரிய ரேசிங் மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்கள் மட்டும் கையேட்டைப் பாருங்கள்.

பழைய மொறிஸ் மைனருக்கு 95 தான் மரியாதை என்கிறார்கள்.

அந்தக் கார்களைப் போற்றி வைத்திருப்பவர்கள் மேல் எனக்குத் தனி அன்பு உண்டு. ஆனால் 70 சொச்சத்துக்குச் செய்த எஞ்சினுக்கு 92 ஏ விருந்து. அவற்றுக்கு இல்லாமல் போனது ஈயம்தான். 1921 இல் அமெரிக்காவில் தோமஸ் மிட்ஜ்லி, ஈயச் சேர்மம் ஒன்றைப் பெற்றோலில் கலந்தால் நொக்கிங் அடங்கும் என்று கண்டார். உலகம் முழுவதும் அதைக் கலந்தது. குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும் நஞ்சு என்பதால் பின்னர் படிப்படியாகக் கைவிட்டது. இலங்கை 2002 இல் நிறுத்தியது. கடைசி நாடாக அல்ஜீரியா 2021 இல் நிறுத்தியது. அந்த ஈயம் பழைய எஞ்சின்களில் வால்வு இருக்கைகளுக்கு மெத்தை போலவும் இருந்தது. நீண்ட தூரம் விரைந்து ஓட்டுவதானால் கடினமான வால்வு இருக்கைகளைப் போட்டுவிடுங்கள். ஊருக்குள் மெதுவாக ஓட்டினால் அவசரமில்லை.

அதிகாலையில் அடித்தால் பெற்றோல் கூடக் கிடைக்குமா?

பெற்றோல் சூட்டில் விரியும் என்பது சரி. பத்துப் பாகை கூடினால் நூற்றில் ஒரு பங்கு அளவு. ஆனால் அது நிலத்துக்கு அடியில் இருக்கும் தாங்கியில் கிடக்கிறது. யாழ்ப்பாணத்து வெயில் அங்கே அவ்வளவு விரைவில் இறங்குவதில்லை. உங்களுக்கு வசதியான நேரத்தில் அடியுங்கள்.

ஒக்டேனைக் கூட்டும் திரவம் சிறு போத்தலில் விற்கிறார்களே?

‘பத்துப் புள்ளி கூட்டும்’ என்று எழுதியிருந்தால், பெரும்பாலும் ஒரு புள்ளி என்பது ஒக்டேன் எண்ணில் பத்தில் ஒன்று. 92 ஆனது 93 ஆகும், அவ்வளவுதான். காசை வைத்துக்கொள்ளுங்கள்.

மழைக்காலத்தில் பெற்றோல் அடித்துவிட்டு வந்ததும் கார் திணறுகிறது. 92 தரமில்லாததா?

ஒக்டேன் குறைவால் கார் இப்படித் திணறுவதில்லை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நீர் நிற்கும்போது நிலத்தடித் தாங்கிக்குள் தண்ணீர் கசிந்திருக்கலாம். தண்ணீர் பெற்றோலைவிடப் பாரமானது, அடியில் தங்கும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரே நாளில் ஐந்து வாகனங்கள் என்னிடம் தள்ளிக்கொண்டு வரப்பட்டன. ஐந்தும் ஒரே இடத்தில் அடித்தவை. கண்ணாடிப் போத்தலில் வடித்து வைத்தபோது அடியில் தண்ணீர் தனியாகத் தெரிந்தது. இப்படி நேர்ந்தால் எஞ்சினைத் திரும்பத் திரும்ப ஸ்ரார்ட் செய்யாதீர்கள். தாங்கியை வடித்து, வடிகட்டியை மாற்றுங்கள். பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்தி முறைப்பாடு செய்யுங்கள். பவுசர் வந்து இறக்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் அடிப்பதையும் தவிர்க்கலாம். அடியில் கிடப்பது அப்போது கலங்கி எழும்.

பிள்ளைகள் வெளிநாட்டில். கார் ஆண்டில் பத்து மாதம் வீட்டில் நிற்கிறது. 95 அடித்து வைத்தால் கெடாதா?

கெடும். இரண்டும் ஒரே மாதிரிக் கெடும். மாதங்கள் செல்லச் செல்லப் பெற்றோலின் மெல்லிய பகுதி ஆவியாகி, மீதி பிசின் போலாகி, எஞ்சினுக்குள் பெற்றோலைத் தெளிக்கும் ஊசிமுனைகளை அடைக்கும். நம் ஊரின் சூட்டில் மூன்று மாதம் தாண்டினாலே எனக்குக் கவலை வந்துவிடும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நம்பிக்கையான ஒருவரைக் கொண்டு காரை வெளியே எடுத்து, எஞ்சின் நன்றாகச் சூடேறும்வரை, சாவகச்சேரி வரையாவது போய்வரச் செய்யுங்கள். அதற்குத் தேவையான 92 ஐ அவ்வப்போது அடித்தால் போதும்.

இதோடு சேர்த்து ஒன்று. 2022 இன் எரிபொருள் தட்டுப்பாட்டில், வாரத்துக்குக் கார் ஒன்றுக்கு 20 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர் என்று கியூ.ஆர். அட்டையில் கிடைத்த நாட்களின் பயம் இன்னும் சிலருக்குப் போகவில்லை. பிளாஸ்டிக் கலன்களில் பெற்றோலை வீட்டுக்குள் சேமித்து வைத்திருக்கிறார்கள். அந்தப் பயம் எனக்கு விளங்குகிறது. நானும் அந்த வரிசையில் இரவு முழுக்க நின்றவன். ஆனால் பெற்றோல் ஆவி தரையோடு தவழ்ந்து அடுப்படி வரை போகும். தயவுசெய்து அந்தக் கலன்களை வீட்டிலிருந்து அகற்றுங்கள்.

குடும்பத்தோடு நுவரெலியா போகிறோம். மலை ஏற 95 அடிக்க வேண்டுமா?

யாழ்ப்பாணம் தட்டை நிலம். இங்கே எஞ்சினுக்கு உண்மையான சோதனையே இல்லை. ஏ9 வீதியில் மாத்தளை தாண்டி, ஏழு பேரும் பொதிகளுமாக ஏறும்போதுதான் அது மூச்சு வாங்கும். 92 க்குச் செய்த கார் அங்கேயும் 92 இல் ஏறும். கியரைக் குறைத்து, எஞ்சின் சற்று வேகமாகச் சுழல விடுங்கள். உயர் கியரில் வைத்து அழுத்தி மிதிப்பதுதான் நொக்கிங்கை வரவழைக்கும். ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் காற்றே ஐதாகிவிடுவதால், மேலே போகப் போக நொக்கிங்குக்கான வாய்ப்பும் குறையும். புறப்படும் முன் குளிர்நீரையும் பிரேக்கையும் பார்த்துக்கொள்ளுங்கள். இறங்கும்போது பிரேக்கை விடாமல் மிதித்துச் சூடேற்றாமல், ஏறிய அதே கியரில் இறங்குங்கள்.